ஏழாம் பாடத்தின் மீதிப் பாதி

திருப்பத்தூர்
6-7-1986

தங்கச்சி அம்சவல்லிக்கு அண்ணன் சிங்காரம் எழுதுவது.

உன் காலேஜ் பார்சல் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தேன். எட்டு வீடியோ கேசட்டு இருக்கிறது, ஒன்றும் உடையவில்லை. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். மாப்பிள்ளை அர்ச்சுனனுக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

தபாலில் பாடம் அனுப்புவார்கள் என்று தெரியும். பாடம் நடத்துகிற ஆளையே டப்பாவில் அடைத்து அனுப்புவதை இப்போதுதான் பார்க்கிறேன். கூடவே ஒரு கடிதமும், பாடச் சுருக்கம் அச்சடித்த அட்டைப் புத்தகம் இரண்டும் வைத்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஒன்று உனக்கு வரும். ஒவ்வொரு கேசட்டையும் பார்த்துவிட்டு அதற்குண்டான கேள்விகளுக்கு விடை எழுதி அனுப்ப வேண்டுமாம். எட்டு விடைத்தாளும் பிப்ரவரி கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் ஏப்ரல் பரீட்சையில் உட்கார விடமாட்டார்கள். இது உனக்குக் கடைசி வருஷம். பட்டம் வாங்கினால்தான் விடுதிக் காப்பாளர் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று ஆபீசர் சொன்னதை நீயே எழுதியிருந்தாய். ஆகவே இதில் சாக்குப்போக்குக்கு இடமில்லை.

கேசட்டு மட்டும் இருந்தால் போதாது. டெக்கு வேண்டும், டி.வி. வேண்டும், கரண்ட் வேண்டும். உன் ஊரில் மூன்றும் கிடையாது. விடுதிப் பிள்ளைகளை விட்டுவிட்டு நீ கீழே இறங்கி வரவும் முடியாது. யோசித்துப் பார்த்தேன். கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற டெக்கும் டி.வி.யும் ஜெனரேட்டரும் என்னிடம் இருக்கின்றன. பதினைந்து நாளைக்கு ஒரு சனிக்கிழமை கடுக்காயும் தேனும் ஏற்ற நம் ஜீப் மலையேறிப் புதூர்நாட்டுக்கு வருகிறது. அதிலேயே ஏற்றி அனுப்புகிறேன். டிரைவர் ரங்கன் மாட்டிக் கொடுப்பான். முதலில் உன் பாடம். அது முடிந்ததும் ஊருக்கு ஒரு சினிமாப் படம், இலவசமாக.

இலவசம் என்றதும் அண்ணன் மாறிவிட்டான் என்று நினைக்காதே. படம் ஓட்டினால் கூட்டம் சேரும். கூட்டம் சேருகிற இடத்தில் புளியமரத்துக்கு விலை பேசுவது சுலபம். உனக்குப் படிப்பு, எனக்கு வியாபாரம்.

பிள்ளைகளை வெந்நீர் குடிக்கச் சொல். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு.

அண்ணன்,
சிங்காரம்


புதூர்நாடு
14-7-1986

அண்ணனுக்கு அம்சவல்லி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உங்க மாப்பிள்ளைக்குக் கால் சரியாகிவிட்டது. ஏரில் இறங்கிவிட்டார். அண்ணிக்கு வயிற்றுவலி எப்படி இருக்கிறது?

முதல் பாடம் பார்த்தேன். நான் மட்டும் பார்க்கவில்லை. படம் என்று ரங்கன் சொன்னதும் சுற்றுப்பட்டுக் குடிகள் எல்லாம் பொழுது சாய்வதற்குள்ளேயே விடுதி வாசலில் இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டன. கோட்டுப் போட்ட பேராசிரியர் ஒருவர் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டு, தேவை என்றால் என்ன, அளிப்பு என்றால் என்ன என்று பேசினார். இதுதான் படம் என்று எண்ணிச் சனங்கள் மூச்சு விடாமல் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் குப்பம்மாள் கிழவிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாடி அம்சா, இந்த ஆளு ஒரு பாட்டும் பாடல, ஒரு சண்டையும் போடல, பேசிக்கினே கீறான்? பொண்டாட்டி ஓடிப்போய்ட்டாளா?" என்று கேட்டது. சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. பாடத்தில் ஒரு பகுதி எனக்குக் காதில் விழவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படம் முடிந்து போகும்போது ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம் என்னிடம் வந்து, "அந்தக் கோட்டுக்காரரு நல்லாத்தான் சொல்றாரு. உப்பு விலை ஏறினாலும் நாம வாங்கித்தான் ஆவணும், சக்கரை ஏறினா வுட்டுர்லாம்னாரே, அது நெசந்தானே" என்றார். மூன்று வருஷமாக நான் புத்தகத்தில் படிப்பதை அவர் ஒரே மாலையில் பிடித்துவிட்டார்.

முதல் விடைத்தாளை ரங்கனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். மறக்காமல் தபாலில் சேருங்கள்.

தங்கை,
அம்சவல்லி


திருப்பத்தூர்
17-8-1986

தங்கச்சிக்கு அண்ணன் ஆசீர்வாதம். உடம்பு இருவருக்கும் நன்றாக இருக்கிறது, என் பல்லைத் தவிர.

மூன்று விடைத்தாளும் போய்விட்டன. முதலாவதுக்குக் காலேஜ்காரன் 'மிக நன்று' என்று எழுதியிருக்கிறான். உன் அண்ணி அதைப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிவிட்டாள்.

இந்தத் தடவை ஒரு வாரம் தள்ளி, 30ஆம் தேதி சனிக்கிழமை நானே வருகிறேன். புளிக்குக் குறி போடுகிற நேரம் வந்துவிட்டது. இந்த வருஷம் பூ அடர்த்தி, பிஞ்சும் நன்றாகப் பிடித்திருக்கிறது என்று ரங்கன் சொன்னான். எப்போதும் போலத்தான்: மரத்தைப் பார்த்து விலை பேசுவேன், சரி என்றால் அடிமரத்தில் என் சுண்ணாம்புக் குறி, மரத்துக்காரன் கையில் கேழ்வரகு மூட்டை. ஆவணி புரட்டாசியில் மலையில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் என் மூட்டைதான் வர வேண்டும். குறி போட்ட மரத்தை வேறு வியாபாரி தொடமாட்டான். மாசியில் நான் வந்து உலுக்கி எடுத்துக்கொள்வேன்.

பகலில் குறி போட்டு முடித்துவிடுவேன். சாயங்காலம் உன் நாலாம் பாடம், அப்புறம் சனங்களுக்குப் புதுப்படம். மனசு நிறைந்து வீட்டுக்குப் போவார்கள்.

உனக்கு எழுதுகிற பேனா மை, பிள்ளைகளுக்குச் சோப்பு எடுத்து வருகிறேன்.

சிங்காரம்


திருப்பத்தூர்
1-9-1986

அம்சவல்லிக்கு.

பாடத்தின் நடுவே ஜெனரேட்டரை நிறுத்தியது நான்தான். டீசல் தீர்ந்துபோச்சு என்று ரங்கன் ஊருக்குச் சொன்னது, நான் அவனைச் சொல்லச் சொன்ன பொய். சொல்லாமலே கிளம்பி வந்ததால் எழுதுகிறேன். சுகம் விசாரிக்க மனசில்லை. இருந்தாலும், சுகமா?

பகலெல்லாம் மரம் மரமாகச் சுற்றிக் குறி போட்டேன். ஒருவரும் முகம் கோணவில்லை. பொழுது சாய்ந்து நீ கேசட்டைப் போட்டாய். நானும் முன்வரிசையில் ஊர்க்கவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த ஆள் ஒரு மாந்தோப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தான். "பூவில் விலை பேசுகிறவன் பழத்தின் விலையைக் கொடுப்பதில்லை. விற்பவருக்குப் பசி, வாங்குபவருக்கு அவசரம் இல்லை. அந்த இடைவெளியில்தான் இடைத்தரகரின் லாபம் உட்கார்ந்திருக்கிறது" என்றான். போதாதென்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினான். தோப்புக்காரனுக்கு இவ்வளவு, தரகனுக்கு இவ்வளவு என்று.

அப்புறம் அந்தக் குப்பம்மாள் எழுந்து நின்று, "டேய் சிங்காரம், ஒன்னப்பத்தித்தான்டா சொல்றான்! மாங்காயின்னு மாத்திச் சொல்றான்!" என்றது. சிரித்தார்கள். பாதிப்பேர் சிரிக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தவர்களை மறந்துவிடுவேன். பார்த்தவர்களை மறக்கமாட்டேன். நான் அந்த மலையில் பிறந்து, தலைச்சுமையாகக் கடுக்காய் இறக்கி, இந்த மண்டியை வைத்தவன். அந்த மண்டியின் காசில் படித்தவள் நீ.

ஒரு கேள்வி. அன்றைக்கு நாலாம் பாடம் போட வேண்டும். நீ ஏழாம் பாடத்தைப் போட்டாய். டப்பாவில் நம்பர் பார்த்தேன். ஏன்?

பதில் வரும்வரை டெக்கு மலையேறாது. கேசட்டுகளும் இங்கேதான் இருக்கும்.

சிங்காரம்


புதூர்நாடு
14-9-1986

அண்ணனுக்கு வணக்கம்.

இங்கே உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்கள் பல்வலிக்குக் கிராம்பு வைக்கச் சொல்லி அண்ணியிடம் சொல்லுங்கள்.

டின்னை ஜீப்பில் ஏற்றும்போது உள்ளே டீசல் தளும்பிய சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அதுதான் தப்பாய்ப் போயிற்று. பாடத்தைக் கேட்டு அவர்கள் பாதிதான் நம்பினார்கள். நீங்கள் நிறுத்தியதும் முழுசாக நம்பிவிட்டார்கள். "மீதியில இன்னும் பெருசா ஏதோ கீது. இல்லாட்டி எதுக்கு நிறுத்துறான்?" என்று அன்றிரவே பேச்சு.

மறுநாள் காலையில் ஊரே கொடுவாளோடு கிளம்பியது. குறி போட்ட மரம் ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். எங்கள் நாலு மரத்தையும் உங்க மாப்பிள்ளையே சுரண்டினார். "மச்சான் கோச்சிக்குவாரு. ஆனா ஊரோட நிக்காட்டி எம் மரத்துல நாளைக்கு எவன் உலுக்க வருவான்?" என்றார். சுரண்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. சுரண்டாதீர்கள் என்றும் சொல்லவில்லை.

நீங்கள் இறக்கிய கேழ்வரகு மூட்டைகளை ஊர்க்கவுண்டர் விடுதி அறையில் அடுக்கச் சொல்லிவிட்டார். நீங்கள் போட்ட முடிச்சு அவிழாமல் அப்படியே இருக்கின்றன. அந்த அறைச் சுவருக்கு வெளியே சனங்கள் கிழங்கு தோண்டித் தின்கிறார்கள். சாமை அறுக்க இன்னும் ஒரு மாசத்துக்கு மேல் இருக்கிறது.

எனக்கு வேண்டியது நாலு, ஐந்து, ஆறு, எட்டு. அப்புறம் ஏழின் மீதி. கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அம்சவல்லி


திருப்பத்தூர்
20-10-1986

அம்சவல்லிக்கு. இங்கே சுகம்.

உன் கடிதம் வந்து ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. நான் கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை.

மூட்டையை அவிழ்க்காமல் பட்டினி கிடப்பது ரோஷம். ரோஷத்துக்கு நான் விலை பேசுவதில்லை. ஆலங்காயத்து வியாபாரி மலையேறி வந்தான் என்று ரங்கன் சொன்னான். அவன் தராசில் ஒரு தடவை புளியை நிறுத்துப் பாருங்கள், அப்புறம் என் சுண்ணாம்பின் அருமை தெரியும்.

அந்தப் பேராசிரியருக்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் ஆலங்கட்டி மழை பெய்து பூவும் பிஞ்சும் கொட்டிப்போன வருஷம், ஒரு மரத்திலும் ஒரு கூடை தேறவில்லை. ஒருவரிடமாவது கேழ்வரகைத் திருப்பிக் கேட்டேனா? அந்த வருஷம் உன் அண்ணி கழுத்தில் இருந்தது அடகுக் கடைக்குப் போயிற்று. அதைக் கரும்பலகையில் எழுதினானா அவன்?

தீபாவளி, கார்த்திகைக் கல்யாணம் எல்லாவற்றுக்கும் டெக்கு பேசியாகிவிட்டது. படிக்க வேண்டும் என்றால் நீ கீழே வந்து பார்த்துவிட்டுப் போ.

சிங்காரம்


புதூர்நாடு
16-11-1986

அண்ணனுக்கு வணக்கம். அண்ணிக்கும் வணக்கம்.

தீபாவளிக்கு நீங்கள் துணி அனுப்பவில்லை. பரவாயில்லை, பழசே போதும். இங்கே குளிர் இறங்கிவிட்டது. மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல். அதனால் நான் எங்கேயும் நகர முடியாது என்று உங்களுக்கே தெரியும்.

போன வாரம் ஆபீசர் வந்தார். சமையல் பாத்திரத்தையும் வருகைப் பதிவேட்டையும் பார்த்துவிட்டு, "ஏப்ரல்ல பரீட்சை எழுதறீங்க இல்ல? எழுதலேன்னா ஜூன்ல புது ஆள் வந்துரும்மா. நான் ஒன்னும் செய்ய முடியாது" என்றார். எழுதுகிறேன் சார் என்று சொன்னேன். சொல்லும்போது பக்கத்தில் உங்க மாப்பிள்ளை நின்றிருந்தார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமை அறுப்பு முடிந்து கஞ்சிக்கு வழி வந்துவிட்டது. ஊர்க்கூட்டத்தில் பேசிவிட்டார்கள். பாடத்தின் மீதிப் பாதியை எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டாமல் உங்களுக்கு ஒரு புளியங்காய் கூடக் கிடையாது. ஆலங்காயத்தாரையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

ஆலங்கட்டி மழை வருஷத்தை இங்கே ஒருவரும் மறக்கவில்லை. அண்ணி கழுத்து வெறுங்கழுத்தாக இருந்ததை நான் பார்த்தேன்.

நான் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த மீதிப் பாதியை நீங்களாவது போட்டுப் பார்த்தீர்களா?

அம்சவல்லி


திருப்பத்தூர்
22-12-1986

அன்புள்ள நாத்தனார் அம்சாவுக்கு அண்ணி மணியம்மாள் எழுதிக்கொண்டது. நான் நல்லாயிருக்கேன், வயிற்றுவலி இல்லை. நீயும் தம்பி அர்ச்சுனனும் பிள்ளைகளும் நல்லாயிருக்க வேண்டும். இந்தக் கடிதம் உங்க அண்ணனுக்குத் தெரியாமல் எழுதுவது. பதிலில் இதைப் பற்றி மூச்சு விடாதே.

உன் கடிதம் வந்ததிலிருந்து மனுஷன் ஒரு நிலையில் இல்லை. மண்டியில் ஆளுங்களைத் திட்டுகிறார், சோற்றைத் தட்டில் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். "பார்த்தீங்களான்னு கேக்குறா பாரு! அந்த ஆளு மூஞ்சிய நான் எதுக்குப் பாக்கணும்?" என்று பத்து தடவை சொல்லியிருப்பார். பத்து தடவை சொல்கிற விஷயம் மனசை அரிக்கிற விஷயம் என்று எனக்குத் தெரியாதா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை மண்டி லீவு. டெக்கும் வீட்டில் இருந்தது. நான் ஏழாம் நம்பர் கேசட்டை எடுத்து, "நான் பாக்கப் போறேன். ஒங்களுக்குப் புடிக்கலேன்னா வெளிய போங்க" என்று போட்டுவிட்டேன். வெளியே போனார். வாசலிலேயே நின்றார். தோப்புக் கணக்கு முடிந்து, அன்றைக்கு அவர் நிறுத்தின இடம் வந்தது. அதுக்கப்புறம் அந்தக் கோட்டுக்காரர் பலகையை அழித்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "இதுவரை சொன்னது ஒரு பக்கம். பூ உதிர்ந்தால்? மழை அடித்தால்? அந்த நஷ்டத்தைத் தலையில் வாங்குகிறவனுக்கும் ஒரு கூலி உண்டு. பஞ்ச மாதத்தில் தானியம் கொடுப்பவனுக்கும் ஒரு கூலி உண்டு. அவனைத் திருடன் என்பது சுலபம், சரியல்ல. அந்தக் கூலி எவ்வளவு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பதுதான் பாடம்" என்றார்.

திரும்பிப் பார்த்தேன். உங்க அண்ணன் உள்ளே வந்து என் பின்னால் நின்றிருந்தார். "திருப்பிப் போடு" என்றார். மூன்று தடவை போட வைத்தார். அப்புறம் கட்டிலில் உட்கார்ந்து, "மணி, இன்னும் கொஞ்ச நேரம் நான் சும்மா உக்காந்திருந்தா அந்த ஆளே எனக்காகப் பேசியிருப்பான். நானே எங் கையால அவன் வாயப் பொத்திட்டேனே" என்றார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, பார்சலோடு வந்த அட்டைப் புத்தகத்தின் நகல் ஒன்று மண்டியில் கிடந்ததை எடுத்துவந்து ஏழாம் பாடத்தைப் படிக்கச் சொன்னார். படித்தேன். மீதிப் பாதியில் வருவது எல்லாம் அதில் சுருக்கமாக அச்சாகியிருக்கிறது. "இது அவகிட்டயும் ஒன்னு கீது. அப்போ இது அவளுக்குத் தெரியும். செப்டம்பர்லயே தெரியும்" என்றார். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டார்.

பிள்ளைகளுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணி,
மணியம்மாள்


திருப்பத்தூர்
4-1-1987

தங்கச்சி அம்சவல்லிக்கு அண்ணன் எழுதுவது. புது வருஷம். நாங்கள் சுகம். பிள்ளைகள் காய்ச்சல் விட்டதா?

பார்த்தேன். மீதிப் பாதியை முழுசாகப் பார்த்தேன்.

உன் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வைத்து மறுபடி படித்தேன். மீதியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரியில் நீ எழுதியிருந்தால் அடுத்த சனிக்கிழமையே நான் டெக்கோடு ஓடி வந்திருப்பேன். நீ எழுதவில்லை. ஊருக்கும் சொல்லவில்லை. ஊர் கோபமாக இருக்கட்டும், அண்ணன் பயந்துகொண்டே இருக்கட்டும் என்று நாலு மாசம் விட்டுவிட்டாய். உன் வேலை போகும் என்று தெரிந்தும் விட்டுவிட்டாய். இரண்டு பக்கமும் இறங்கி வரும்வரை வாயைத் திறக்காமல் இருப்பது வியாபாரி செய்கிற காரியம். இதைக் காலேஜில் கற்றாயா, நம் வீட்டில் கற்றாயா என்று கேட்கமாட்டேன். எனக்கே தெரியும்.

பொங்கல் கழித்து 17ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். டெக்கு, டி.வி., ஜெனரேட்டர், எட்டு கேசட்டும் வரும். ஏழாம் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுகிறோம். ஊர்க்கவுண்டரை எல்லாரையும் கூட்டச் சொல். குப்பம்மாளை முன்வரிசையில் உட்கார வை.

நான் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. நாலுக்குப் பதில் ஏழு ஏன்?

சிங்காரம்


புதூர்நாடு
10-1-1987

அண்ணனுக்கு வணக்கம். அண்ணிக்குப் பொங்கல் வாழ்த்து.

பிள்ளைகளுக்குக் காய்ச்சல் விட்டது. கூட்டம் சொல்லியாகிவிட்டது. பஞ்சாட்சரக் கவுண்டர் சரி என்றார். உங்க மாப்பிள்ளை வாசலைச் செதுக்கி, தண்ணீர் தெளித்துத் தயாராக்குகிறார். உங்களைப் பார்க்கப் பயமாக இருக்கிறதாம், முன்கூட்டியே சொல்லிவைக்கச் சொன்னார்.

குப்பம்மாள் ஒரு சேதி சொல்லச் சொன்னது: "ரெண்டு டின்னு டீசல் எட்தாரச் சொல்லு. ஊத்தறத நாங்க பாக்கணும்."

மூட்டைகள் அப்படியே இருக்கின்றன. கேழ்வரகுக்குப் பூச்சி விழாது, கவலை வேண்டாம்.

அம்சவல்லி


திருப்பத்தூர்
20-1-1987

தங்கச்சி அம்சவல்லிக்கும் ஊர்க்கவுண்டர் பஞ்சாட்சரம் அவர்களுக்கும் சிங்காரம் எழுதுவது. அனைவரும் சுகமாக இருக்க வேண்டும்.

சனிக்கிழமை பேசியதை எழுத்தில் வேண்டும் என்று கவுண்டர் கேட்டதால் இது. தங்கச்சி, இதைக் கூட்டத்தில் சத்தமாகப் படித்துக் காட்டு. அதற்கு முன்னால் உனக்கு மட்டும் இரண்டு வரி.

மீதிப் பாதி ஓடி முடிந்ததும் அந்தக் குப்பம்மாள் எழுந்து, "அப்போ சிங்காரம் முழுத் திருடன் இல்ல, அரைத் திருடந்தான்" என்றதே, வழியெல்லாம் ரங்கன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தான். உன் அண்ணியிடமும் சொல்லிவிட்டான். இனி இந்த வீட்டில் எனக்கு அதுதான் பேர். போகட்டும். பாதி குறைந்ததே லாபம். நான் குறி போட்ட நாளிலேயே ஏழாம் பாடத்தைப் போட்டாயே, ஏன் என்று இனி கேட்கமாட்டேன். இன்னும் நாலு பாடம் இருக்கிறது, பிப்ரவரி முடிய ஐந்து வாரம் இருக்கிறது. விடைத்தாள்களை ரங்கன் வாரா வாரம் வந்து வாங்கிக்கொள்வான். பரீட்சைக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன். மாப்பிள்ளையிடம் நான் கோபமாக இல்லை என்று சொல். அவர் இடத்தில் நான் இருந்தாலும் சுரண்டியிருப்பேன்.

அண்ணன்,
சிங்காரம்

பேசி முடித்தது:

இந்த வருஷம் புளி முழுவதும் எடைக்குத்தான். மாசியில் உலுக்கி, ஓடு நீக்கி, உங்கள் ஊரிலேயே நிறுப்போம். தராசு என்னுடையது, எடைக்கல் ஊருடையது. விலை அன்றைய திருப்பத்தூர்ச் சந்தை விலை, ஜீப் வாடகை மட்டும் அதில் கழியும். விலையை என் வாயால் கேட்டு நம்ப வேண்டாம். முந்தின நாள் ஜீப்பில் ஊரார் இருவர் இறங்கி வந்து சந்தையில் நேரில் விசாரித்துக்கொள்ளலாம். சாப்பாடு என் வீட்டில்.

அடுத்த ஆவணியிலிருந்து, தானியம் வேண்டும் என்கிறவர் தாம் விரும்பிய மரத்தை மட்டும் பூவில் பேசலாம். வேண்டாதவர் எடைக்கு நிறுத்துவைக்கலாம். சுண்ணாம்புக் குறியை இனி நான் போடமாட்டேன், மரத்துக்காரர் தம் கையால் போட வேண்டும். குறி போட்ட மரம் காய்க்காமல் போனால் நஷ்டம் என்னுடையது. பேசியதற்கு மேல் காய்த்தால் அதிகத்தில் பாதி மரத்துக்காரருக்கு. விடுதியில் இருக்கும் மூட்டைகள் அங்கேயே இருக்கட்டும், ஆவணியில் முதலில் அவற்றை அவிழ்ப்போம்.

டெக்கும் டி.வி.யும் ஜெனரேட்டரும் பிப்ரவரி கடைசி வரை விடுதியில் இருக்கும். டீசல் ஊர்ச் செலவு. யார் வேண்டுமானாலும் வந்து பாடம் கேட்கலாம். ஓடத் தொடங்கிய பாடத்தைப் பாதியில் யாரும் நிறுத்தக்கூடாது, டெக்குக்குச் சொந்தக்காரனும் சேர்த்துத்தான்.

இவ்வளவும் ஊர் கேட்டு நான் ஒப்புக்கொண்டது. என் பக்கத்தில் கேட்டு ஊரும் தங்கச்சியும் ஒப்புக்கொண்டது ஒன்றே ஒன்று: இனிமேல் பாடம் வரிசைப்படிதான் ஓட வேண்டும்.